ஊரே அடையாளம்: குழந்தைகள் பற்றிய செய்தியும் நிருபர்களுக்கான பயிற்சியும்

கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்தால் மறுநாள் செய்தி எப்படி வரும் என்பதை நாளிதழ் படிக்கிற எவரும் ஊகித்துவிடலாம். கீழே இருப்பது நானே எழுதிய மாதிரி. வார்ப்பு மட்டும் எல்லோருக்கும் பழக்கமானது: ‘சேத்தியாத்தோப்பு அருகே உள்ள இன்ன கிராமம், இன்ன தெருவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி அங்குள்ள அரசுப் பள்ளியில் 9-ம் வகுப்பு படித்து வருகிறார். தந்தை திருப்பூரில் வேலை பார்ப்பதால் சிறுமி பாட்டி வீட்டில் வசித்து வந்தார். அப்போது அதே தெருவில் வசிக்கும் உறவினர் இன்னார், வயது 32…’

இதில் சிறுமியின் பெயரும் இல்லை, படமும் இல்லை. செய்தி அனுப்பிய நிருபரும் அதைப் பக்கத்தில் வைத்த உதவி ஆசிரியரும் சட்டத்தை மதித்ததாகவே நம்புவார்கள். ஆனால் அந்தத் தெருவில் முப்பது வீடுகள்தான் இருக்கும். ஒன்பதாவது படிக்கிற பெண்கள் மூன்று பேரோ நான்கு பேரோ. அவர்களில் அப்பா திருப்பூரில் இருக்க, பாட்டி வீட்டில் வளர்பவள் ஒருத்திதான். டீக்கடையில் பேப்பர் பிரிந்த ஐந்தாவது நிமிடம் ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் அவள் பள்ளிக்குப் போக வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். குற்றவாளியின் சொந்தக்காரர்கள் இருக்கிற அதே தெருவில் தண்ணீர் பிடிக்கவும் வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி நெறியோடு செய்தி எழுத நிருபர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று பேசாத அமைப்பு இல்லை. கருத்தரங்குகள் நடக்கின்றன, கையேடுகள் அச்சாகின்றன, உறுதிமொழிகள் எடுக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெயரை மறை, முகத்தை மங்கலாக்கு என்பதோடு நின்றுவிடுகின்றன. பெருநகரத்தில் அது ஓரளவு பயன் தரலாம். ‘அண்ணா நகரைச் சேர்ந்த சிறுமி’ என்றால் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி. சேத்தியாத்தோப்பில் ஊர்ப் பெயரே பாதி அடையாளம், உறவுமுறை மீதி அடையாளம். ஆகவே பயிற்சி தொடங்க வேண்டிய இடம் சென்னை அலுவலகம் அல்ல. முதல் வரியை எழுதுகிற பகுதி நிருபரிடமும், அவருக்குத் தகவல் தருகிற காவல் நிலையத்திடமும், அவரிடம் ‘ஊர் பேரு என்ன?’ என்று கேட்கிற டெஸ்கிடமும்தான் அது தொடங்க வேண்டும். அதற்குக் காரணங்களை அடுக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

வெள்ளாற்றங்கரையில், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் இருக்கும் பேரூர் சேத்தியாத்தோப்பு. அணைக்கட்டும் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அதன் அடையாளங்கள். வீராணம் ஏரி கூப்பிடு தூரம். டி.எஸ்.பி. அலுவலகமும் அனைத்து மகளிர் காவல் நிலையமும் உண்டு. இங்கிருந்து செய்தி அனுப்புகிறவர் ஒரே நாளில் வீராணம் 47.5 அடியை எட்டியதையும் எழுதுவார், ஆலையில் அரவை தொடங்கியதையும் எழுதுவார். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. கால்வாய்க்காக நெற்பயிர் மீது இயந்திரம் இறங்கியதையும் அவர்தான் எழுதியிருப்பார். பலருக்கு இது பகுதி நேர வேலை. நிலையான சம்பளம் இருக்காது. விளம்பரமும் அவரே பிடிக்க வேண்டும். நெறி மீறுகிறவர் என்று இவரை எளிதாகக் குற்றம் சாட்டிவிடலாம். ஆனால் மற்றப் பத்திரிகையில் இருக்கிற விவரம் நம் பத்திரிகையில் ஏன் இல்லை என்ற ஒரே கேள்விக்குத்தான் அவர் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். விவரத்தை விட்டதற்காக அவரை யாராவது பாராட்டினால்தானே அவர் விடத் துணிவார்?

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 23: குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் அக்கம்பக்கம், அடையாளம் தெரிய வழிவகுக்கும் வேறு எந்தத் தகவலும் எந்த ஊடகத்திலும் வரக் கூடாது. முழுமையான, உறுதியான தகவல் இல்லாமல் குழந்தையின் மதிப்பைக் குறைக்கும் செய்தியோ கருத்தோ கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74 இன்னும் விரிந்தது. குற்றத்துக்கு ஆளான குழந்தை, சாட்சியான குழந்தை, குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் குழந்தை, பராமரிப்பு தேவைப்படும் குழந்தை என எல்லோரையும் அது காக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2000-ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இதற்கான அபராதம் ஆயிரம் ரூபாய்தான். 2006-ல் அது 25,000 ஆனது. கடுமை கூடிக்கொண்டே வந்திருப்பதை இது காட்டுகிறது.

‘அக்கம்பக்கம்’ சட்டத்தின் வாசகத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன மாதிரிச் செய்தி அந்த ஒரு சொல்லிலேயே சட்டத்தை மீறிவிடுகிறது. பள்ளி, குடும்ப விவரம் என்று அடுத்தடுத்த வரிகள் மேலும் மீறுகின்றன. உச்ச நீதிமன்றமும் 2018 டிசம்பர் 11 அன்று நிபுண் சக்சேனா வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது: மிகத் தொலைவான முறையில்கூட அடையாளம் வெளிப்படக் கூடாது, இறந்துபோனவருக்கும் இது பொருந்தும், போக்சோ வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது. அதே ஆண்டு கதுவாவில் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் பெயரையும் படத்தையும் வெளியிட்டதற்காக 12 ஊடக நிறுவனங்கள் தலா பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அது நாடே பார்த்த வழக்கு. சிற்றூர்ப் பத்திரிகைக்கு நெருக்கமான வழக்கு வேறொன்று உண்டு. கர்நாடகத்தின் கார்வாரில் வெளியாகும் கன்னட நாளிதழ் ஒன்று 2017-ல் பாதிக்கப்பட்ட 16 வயதுச் சிறுமியின் பெயரை வெளியிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரிவு 23-ன் கீழ் காவல் துறை விசாரிக்க நீதித் துறை நடுவரின் முன் அனுமதி வேண்டுமா என்ற கேள்வியில் 2022 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். செய்தி வந்து நாலரை ஆண்டு கழித்தும் விசாரணை முறை பற்றிய விவாதமே முடியவில்லை. மாவட்டப் பதிப்பில் வந்த நாலு வரிச் செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடக்க கரும்பு வெட்டும் குடும்பத்துக்கு ஏது வழி? தண்டனைப் பயத்தை மட்டும் நம்பினால் குழந்தைகளைக் காக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

தகவல் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நிருபர் துப்பறிந்து கண்டுபிடித்தது அல்ல. காவல் நிலையத்திலிருந்து வருகிறது: ஒரு குறிப்பாக, ஒரு வாட்ஸ்அப் பகிர்வாக, எழுத்தர் வாய்மொழியாகச் சொன்னதாக. குழந்தையின் அடையாளம் ஊடகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது காவல் அதிகாரியின் கடமை என்று போக்சோ சட்டத்தின் பிரிவு 24 சொல்கிறது. ஆனால் பொள்ளாச்சி வழக்கில் 2019-ல் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டது மாவட்டக் காவல் துறையின் தலைமையே. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. அதற்கும் 25 லட்சம் இழப்பீடு. இருவரும் வயது வந்தவர்கள். ஆனால் கசிவின் வழி ஒன்றுதான், குழந்தை வழக்குகளிலும் அதே குழாய்தான்.

கொடுப்பவர் நிறுத்தினால் போடுபவரும் நிறுத்துவார் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. பொதுத்தேர்வு முடிவு நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் பிடித்த மாணவர்களுக்கு இனிப்பு ஊட்டும் படங்கள் முதல் பக்கத்தை நிறைத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2017 மே மாதம் அரசு ரேங்க் அறிவிப்பதைக் கைவிட்டது. தோற்ற பிள்ளைகளின் மனதை நசுக்கிய அந்தத் திருவிழா, எந்தப் பத்திரிகையாளர் பயிற்சியும் இல்லாமலேயே அடங்கிவிட்டது. மகளிர் காவல் நிலையம் தரும் குறிப்பில் கிராமம், தெரு, பள்ளி, உறவுமுறை என்ற நான்கும் இல்லாவிட்டால் மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் அவை இருக்காது. அதனால் நிருபர்களுக்கு நடக்கும் எந்தப் பயிற்சியிலும் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் அதே அறையில் உட்கார வேண்டும்.

கடலூர் மாவட்டம் குழந்தைகளைப் பற்றிய செய்திக்குப் புதியதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தேவனாம்பட்டினம் தொடங்கி பிச்சாவரம் பக்கத்துத் தீவுக் குப்பங்கள் வரை 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் மிகுதி. உலகத்தின் கேமராக்கள் கடலூருக்கு வந்தன. அப்போது எடுக்கப்பட்ட ஒரு படத்தை நிருபர் பயிற்சி வகுப்பு ஒவ்வொன்றிலும் காட்ட வேண்டும் என்பேன். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் அர்க்கோ தத்தா டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுத்தது. ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, இரு கைகளையும் விரித்து அழுகிறார். இறந்த உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. முகம் இல்லை, உடல் இல்லை. 2004-ம் ஆண்டின் உலகச் சிறந்த பத்திரிகைப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. இறந்தவரின் முகத்தைக் காட்டினால்தான் வாசகர் மனம் அசையும் என்று வாதிடும் ஆசிரியருக்கு, இதே மாவட்டத்து மணலில் எடுத்த இந்தப் படத்தைக் காட்டலாம்.

அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கருகிய பிஞ்சு உடல்களை அன்று பார்த்தவர்களுக்கு அது இன்றும் மறக்கவில்லை. அந்தப் படங்களால்தான் ஓலைக்கூரைப் பள்ளிகள் மீது நடவடிக்கை வந்தது என்று சிலர் சொல்வார்கள். 94 என்ற எண்ணும், பூட்டிய வழியும், சமையல்கூடத் தீயும் போதுமான காரணங்களாக இருந்தன என்றே நான் நினைக்கிறேன். தன் பிள்ளையின் கருகிய உடலை ஒவ்வோர் ஆண்டும் நினைவுநாள் செய்தியில் பார்க்க வேண்டிய தாயின் பக்கம் நின்று யோசித்தால் அந்த வாதம் நிற்காது.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு விதம். இலங்கையின் கல்முனை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு மாதக் குழந்தைக்கு ‘81-ம் எண் குழந்தை’ என்று பெயர் விழுந்தது. ஒன்பது தம்பதிகள் உரிமை கொண்டாடுவதாக உலகமெங்கும் செய்தி பரவியது. முறையாக வழக்குத் தொடுத்தது ஒரு தம்பதிதான் என்பது பிறகு தெரிந்தது. 2005 பிப்ரவரியில் மரபணுச் சோதனைக்குப் பிறகு குழந்தை பெற்றோரிடம் வந்தது. சில வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அந்தக் குடும்பம் நியூயார்க் அழைத்துச் செல்லப்பட்டது. கதை நன்றாக இருந்ததால் சரிபார்க்க யாருக்கும் அவசரம் இல்லை. நல்ல செய்தியும் குழந்தையைத் துரத்தும் என்பதற்கு அது சான்று.

பிறகு ஸ்மார்ட்போன் காலம் வந்தது. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையின் மீட்புப் பணி இரவும் பகலும் நேரலையாக ஓடியது. குழாய்க்குள்ளிருந்து வந்த கேமராக் காட்சியில் அந்தப் பிஞ்சுக் கை தெரிந்ததைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. மீட்பில் எங்கே பிசகியது என்ற கேள்வி அந்தக் காட்சிக்குள் மூழ்கிப்போனது.

அதைவிடப் பாடம் தருவது கனியாமூர். 2022 ஜூலை 13 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அந்தத் தனியார் பள்ளி விடுதியில் 17 வயது மாணவி இறந்தார். அவர் கடலூர் மாவட்டத்துப் பெண். நான்கு நாள் கழித்து, ஜூலை 17 அன்று பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. இந்த நான்கு நாளில் அந்தச் சிறுமியின் பெயர், படம், உடற்கூறாய்வு விவரம், கையெழுத்து, அவள் யாரிடம் என்ன பேசினாள் என்ற ஊகம் எல்லாம் யூடியூப் அலைவரிசைகளில் வரிசையாக வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டதோடு, ஊடகங்களும் சமூக ஊடகங்களும் இணை விசாரணை நடத்துவதையும் கண்டித்தது. நிபுண் சக்சேனா தீர்ப்பு வந்து மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அந்த வாரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய இளைஞர்களில் எத்தனை பேரிடம் யாராவது அதைச் சொல்லியிருப்பார்கள்? பயிற்சி என்றாலே அடையாள அட்டை உள்ள பத்திரிகையாளர்களுக்கு மட்டும் என்று நினைப்பது இனி பொருந்தாது. சேத்தியாத்தோப்பு கடைவீதியில் ஒரு போனும் ஒரு மைக்கும் வைத்திருப்பவரையும் அழைக்க வேண்டும். அவர் பத்திரிகையாளரா இல்லையா என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சிதம்பரத்தில் நடந்தது சிக்கலானது. 2022-ல் நடராசர் கோயில் தீட்சிதர் குடும்பங்களில் குழந்தைத் திருமணங்கள் நடந்ததாக வழக்குகள் பதிவாகி, கைதுகள் நடந்தன. 2023 மே மாதம் ஆளுநர் ஆர்.என். ரவி ஆங்கில நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், அந்தச் சிறுமிகளுக்குத் தடைசெய்யப்பட்ட இருவிரல் பரிசோதனை நடத்தப்பட்டதாகச் சொன்னார். அரசும் காவல் துறையும் மறுத்தன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விசாரணைக்கு வந்தது. திருமணக் காட்சிகள் என்று சொல்லப்பட்ட படங்களும் காணொளிகளும் பரவின. மாலை விவாதங்களில் ஆளுநர் சரியா, அரசு சரியா, மரபு சரியா, சட்டம் சரியா என்று பேசித் தீர்த்தார்கள். கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் வாழ்கிற சிறு சமூகம் அது. வயதையும் சமூகத்தையும் சொன்னாலே யார் வீட்டுப் பெண் என்று சிதம்பரத்துக்குத் தெரியும். அந்தச் சில சிறுமிகளின் உடலுக்கு நடந்த மருத்துவப் பரிசோதனை பற்றி நாடே வாரக்கணக்கில் விவாதித்தது. இரண்டு தரப்பும் குழந்தைகளுக்காகவே பேசுவதாகச் சொன்னார்கள். நிருபர்களுக்கு இதைவிடக் கடினமான பாடம் கிடைக்காது. அரசியல் சாசனப் பதவியில் இருப்பவரே சொல்கிறார், அதைப் போடாமல் இருக்க முடியாது. ஆனால் குற்றச்சாட்டையும் மறுப்பையும் போட்டுவிட்டு, பரிசோதனையின் உடற்கூறு விவரங்களையும் திருமணப் படங்களையும் விட்டுவிட முடியும். அப்படி வெட்டுவது எங்கே என்று அரை நாள் உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று அன்று சிதம்பரத்தில் இருந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதிலிருந்து, குழந்தைகளைப் பற்றி எழுதாமலே இருப்பது பாதுகாப்பு என்ற முடிவுக்கு யாராவது வந்தால் அது பெரிய தீங்கு. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992-ல் இந்தியா ஏற்றது. அது தனிமையைக் காக்கும் உரிமையோடு, தன் கருத்தைச் சொல்லும் உரிமையையும் குழந்தைக்குத் தருகிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவரும் அவரது தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகக் கைதானவர்களும் பள்ளி மாணவர்களே. இரு தரப்பும் சட்டப்படி குழந்தைகள். ஆனால் பாதிக்கப்பட்ட மாணவரின் பெயரும் முகமும் எங்கும் வந்தன. அவரை மறைத்தால் சாதியும் மறைந்துபோகும், செய்தி ‘மாணவர்கள் மோதல்’ என்று சுருங்கிவிடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. அந்த அச்சம் நியாயமானது, தமிழ்நாட்டில் அப்படிச் சுருக்கிய செய்திகள் ஏராளம். ஆனால் சாதியைச் சொல்லவும் குழந்தையின் பெயரை விடவும் ஒரே செய்தியில் முடியும். ஊரின் சாதி நிலவரம், பள்ளியில் கையில் கட்டும் கயிறு, ஏற்கெனவே கொடுத்த புகார் என்று இவை எல்லாவற்றையும் பெயரில்லாமல் எழுதலாம். இதற்குத் திறமை வேண்டும். பயிற்சி வேண்டும் என்று சொல்வதே அதற்காகத்தான்.

திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் இரண்டு சின்னக் குழந்தைகளோடு தீக்குளித்தது. எரியும் குழந்தையின் படம் செல்போன்களில் இன்றும் சுற்றுகிறது. அந்தப் படம் அரசை உலுக்கியது உண்மை. குடும்பம் பலமுறை மனு கொடுத்தும் ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி அதைவிட ஆழமாக உலுக்கியிருக்க வேண்டும். அதற்குக் குழந்தையின் முகம் தேவைப்படவில்லை. இதில் என்னோடு மாறுபடும் நேர்மையான பத்திரிகையாளர்கள் இருக்கிறார்கள்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். சர்வதேச அளவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1998 மே மாதம் பிரேசிலின் ரெசிஃபே நகரில் கூடிய பத்திரிகையாளர் அமைப்புகள், குழந்தைகள் பற்றிய செய்திக்கான நெறிகளை வரைந்தன. 2001-ல் சியோலில் சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு அவற்றை ஏற்றது. யுனிசெஃப் தன் நெறிமுறைகளைப் பல மொழிகளில் தந்திருக்கிறது. இந்தியாவில் 2012-ல், டெல்லி மருத்துவமனையில் அடிபட்ட நிலையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிட்டதையொட்டி, டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்து நெறிமுறைகளை உருவாக்கச் செய்தது. தற்கொலைச் செய்திகளுக்கு 2019-ல் இந்தியப் பத்திரிகைக் குழு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஏற்றது: முறையைச் சொல்லாதே, இடத்தை விவரிக்காதே, உதவி எண்ணைத் தா. தேர்வு முடிவு வரும் வாரங்களில் இதற்கு உயிர்காக்கும் மதிப்பு உண்டு. 104, 14416, 1098 என்ற உதவி எண்கள் நிருபரின் போனில் தயாராக இருக்க வேண்டும். சென்னையில் துளிர் அமைப்பு குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கும் பணியில் 2004 முதல் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி பிரேசிலின் ‘ஆன்டி’ என்ற அமைப்பு. குழந்தை உரிமைகளுக்கான செய்தி நிறுவனமாக 1990-களின் தொடக்கத்தில் உருவான அது, நாளிதழ்களில் குழந்தைகள் பற்றி வந்தவற்றை ஆண்டுக்கணக்கில் படித்து, வகைப்படுத்தி, செய்தி அறைகளுக்கே திருப்பிக் கொடுத்தது. நன்றாக எழுதுபவர்களுக்குக் ‘குழந்தைகளின் நண்பரான பத்திரிகையாளர்’ என்று பட்டமும் கொடுத்தது. உபதேசம் செய்வதைவிட, நீங்கள் எழுதியது இதுதான் என்று எடுத்து வைப்பது பத்திரிகையாளர்களிடம் எடுபடும்.

சேத்தியாத்தோப்புக்கும் அப்படித்தான் வேண்டும். சென்னை ஹோட்டலில் ஒரு நாள், சட்டப் பிரிவுகள் பற்றிய பேச்சு, சான்றிதழ், குழுப் படம் என்ற வடிவம் இங்கே உதவாது. மளிகைக் கடையோ விவசாயமோ பார்த்துக்கொண்டே செய்தி அனுப்புகிறவர் ஒரு நாளை விட்டுவிட்டு வர முடியாது. சிதம்பரத்திலோ சேத்தியாத்தோப்பிலேயோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை நாள் நடத்த வேண்டும். வருபவருக்கு அன்றைய வருமான இழப்பை நிறுவனம் ஈடு செய்ய வேண்டும். மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோர் மேடையில் அல்லாமல் அதே வட்டத்தில் உட்கார வேண்டும். கடலூரிலோ புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ பக்கம் போடும் உதவி ஆசிரியர் கட்டாயம் வர வேண்டும். அவர் வராத பயிற்சி வீண். நிருபர் விட்ட ஊர்ப் பெயரைப் போன் போட்டுக் கேட்டு வாங்குபவர் அவர்தான்.

பாடம் அச்சில் வந்த செய்தியிலிருந்தே தொடங்கலாம். சொந்த வட்டாரத்துச் செய்தியை எடுத்தால் அந்தக் குழந்தையே அறைக்குள் மறுபடி பேசுபொருளாகிவிடும். அதனால் தொலைவான மாவட்டத்தின் பழைய செய்தியை, பெயர்களையெல்லாம் மாற்றித் தர வேண்டும். ஒவ்வொரு விவரமாக எடுத்துக்கொண்டு, இது தெரிந்தால் ஊர்க்காரருக்கு எத்தனை பேர் மீது சந்தேகம் போகும் என்று கணக்குப் போடச் சொல்ல வேண்டும். வட்டத்தின் பெயரோடு நிறுத்தினால் ஆயிரம், கிராமம் சொன்னால் முப்பது, வகுப்பு சொன்னால் நான்கு, உறவு சொன்னால் ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் அப்பாவாகவோ மாமாவாகவோ இருந்தால் அவர் பெயரைப் போடுவதே குழந்தையின் பெயரைப் போடுவதுதான். இந்தக் கடைசிப் புள்ளிதான் நிருபர்களிடம் அதிகம் எதிர்ப்பைக் கிளப்பும். குற்றவாளியை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பார்கள். காப்பாற்றுவது அவரை அல்ல என்பதை அந்த வகுப்பில் பொறுமையாகப் பேசித்தான் தீர வேண்டும்.

அடுத்தது, அடையாளங்களை எடுத்த பிறகு எழுத என்ன மிச்சம் என்ற கேள்வி. ஏராளம் மிச்சம். போக்சோ வழக்கை நீதிமன்றம் ஏற்ற 30 நாளில் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும், ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டத்தின் பிரிவு 35. நம் மாவட்டத்தில் அது நடக்கிறதா? 2014-ல் வெளியே வந்த திட்டக்குடி பள்ளி மாணவிகள் வழக்கில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைத் தண்டித்தது 2019 ஜனவரியில். 2020-ம் ஆண்டு விதிகள் சொல்லும் ஆதரவு நபர் எத்தனை குழந்தைகளுக்கு அமர்த்தப்பட்டார்? இடைக்கால இழப்பீடு கைக்கு வந்ததா? இந்தக் கேள்விகளைத் தகவல் உரிமை மனுவாகப் போட்டு, வரும் பதிலை எழுதினால், எந்தக் குழந்தையையும் காட்டாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் உதவும் செய்தி கிடைக்கும். பகுதி நிருபரின் பெயரோடு அது முதல் பக்கத்திலும் வரும்.

குழந்தையோடு பேசுவது தனிப் பாடம். கடலூர் மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பு அடிக்கடி வரும்: 2015 நவம்பர் வெள்ளத்தில் விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் அடித்துச் செல்லப்பட்டபோது போல, சாதிச் சான்றிதழ் கேட்டு இருளர் குடும்பங்கள் பிள்ளைகளைச் சீருடையோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்து வரும்போது போல. குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து பேசு. அது நம்பும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நடந்த கொடுமையைத் திரும்பச் சொல்லச் சொல்லாதே. அதைக் கேட்பது நீதிமன்றத்தின் வேலை. உதவி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதே. படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்று போனைத் திறந்து காட்டு. அம்மா சரி என்றாலும் குழந்தை வேண்டாம் என்றால் வேண்டாம். ரொட்டிப் பொட்டலத்துக்குக் கை நீட்டும் பிள்ளையின் முகத்தைவிட, மூன்று நாளாக வராத படகைப் பற்றிய கேள்வி வெள்ளச் செய்திக்குப் பயன்படும்.

கடைசியாக, பழைய செய்திகள். அச்சுத் தாள் மறுவாரம் பொட்டலமாகிவிட்ட காலம் போய்விட்டது. 2016-ல் வந்த நாலு வரி இன்றும் தேடலில் கிடைக்கிறது. அன்று பதினான்கு வயதாக இருந்தவர் இன்று வேலைக்கு விண்ணப்பிக்கிறார், வரன் பார்க்கிறார்கள். முதல் பயிற்சியிலேயே ஒவ்வொரு நிருபரும் தன் ஊர்ப் பெயரையும் ‘சிறுமி’ என்பதையும் சேர்த்துத் தேடி, தன் நிறுவனம் போட்ட செய்திகளில் கிராமமும் பள்ளியும் உறவும் இருப்பவற்றைப் பட்டியலிட வேண்டும். அறையில் இருக்கும் உதவி ஆசிரியர் அன்று மாலைக்குள் அவற்றை நீக்க வேண்டும். யூடியூப்காரர்கள் தங்கள் காணொளிகளைத் தாங்களே எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பம் வழக்குப் போடாமல், ஒரு போன் அழைப்பில் செய்தியை நீக்கச் சொல்லும்படி, மாவட்டப் பதிப்பு ஒவ்வொன்றிலும் அதற்கென ஒருவரின் எண் மகளிர் காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் குழுவிலும் ஒட்டப்பட வேண்டும்.